வில்லன் செத்தா நமக்கென்ன?

ஒரு சின்ன கேள்வி. ஒரு படத்துக்குப் போறீங்க. க்ளைமாக்ஸ்ல ஹீரோயின் செத்துப் போறா. நீங்க கர்சீஃபை எடுக்கறீங்க. பக்கத்து சீட்ல உங்க ரூம்மேட். காலேஜ்ல பெரிய ரவுடின்னு பேர் எடுத்தவன். அவனும் இருட்டுல மூக்கை உறிஞ்சறான். வெளியே வந்ததும் ரெண்டு பேரும் என்ன சொல்றீங்க? 'செம படம் மச்சி!'

அழவச்சவங்களுக்குக் காசும் கொடுத்துட்டு, அடுத்த வாரம் இன்னொரு தடவை அழறதுக்கு ஆளும் சேர்க்கறோம். இது என்ன லாஜிக்?

சிரிக்காதீங்க பாஸ். இந்த ஒரு கேள்வியை வச்சுக்கிட்டு காஷ்மீர்ல நாலு பெரிய பண்டிதர்கள், தலைமுறை தலைமுறையா மோதியிருக்காங்க. அந்தச் சண்டை எனக்கு லைப்ரரியில உட்கார்ந்து புரியலை. கிருஷ்ணகிரி பக்கம் ஒரு காலி வயல்ல, சித்திரை வெயில்ல, எங்க அத்தை பக்கத்துல நிக்கும்போதுதான் புரிஞ்சது. அதைத்தான் இந்த வாரம் சொல்லப் போறேன்.

ஓசூர் பக்கம் படிக்கிறவங்களுக்கு சீன் தெரியும். சிப்காட்ல ஷிப்ட் விடுற நேரத்துல ரோடு முழுக்க யூனிபார்ம்தான். டீக்கடையில தமிழ்ல டீ சொல்லி, தெலுங்குல அரட்டை அடிச்சு, கன்னடத்துல பஸ் விசாரிச்சுட்டு வரலாம். அத்திப்பள்ளி போனா கர்நாடகா. இந்தப் பக்கம் கிருஷ்ணகிரி வரைக்கும் ஹைவே. அந்த ஹைவேயிலதான், நைட் ஷிப்ட் முடிச்சு பைக்ல ஊருக்குத் திரும்பின எங்க அத்தை மகனை ஒரு லாரி தட்டிவிட்டது.

அத்தை அன்னிக்கு அழலை. காரியத்தன்னிக்கும் அழலை. ரெண்டு வருஷம் ஆச்சு, அழலை. மாட்டுக்குத் தண்ணி காட்டுவாங்க, களி கிண்டுவாங்க, வந்தவங்களுக்குச் சாப்பாடு போடுவாங்க. 'கல்லு மாதிரி ஆயிட்டா'ன்னு சொந்தக்காரங்க பின்னாடி பேசினாங்க.

அந்த வருஷம் அவங்க ஊர் திரௌபதி அம்மன் கோயில்ல பாரதம் வச்சிருந்தாங்க. வெளியூர் ஃப்ரெண்ட்ஸுக்கு ஒரு நிமிஷம் விளக்கிடறேன். இந்தப் பக்கத்துல தர்மராஜா கோயில், திரௌபதி அம்மன் கோயில் இருக்கிற ஊர்கள்ல மகாபாரதத் திருவிழா நடக்கும். பல ஊர்கள்ல பதினெட்டு நாள். பகல்ல வில்லிபுத்தூரார் பாரதத்தை வச்சு ஒருத்தர் கதை சொல்வார். ராத்திரி அதே கதை தெருக்கூத்தா வரும். கிரீடம், புஜக்கட்டை, முகம் நிறைய அரிதாரம், விடிய விடிய ஆட்டம். கடைசி நாள்தான் மேட்டர். அதுக்குப் பேரு படுகளம்.

முதல் தடவை பார்க்கிறவங்க கொஞ்சம் மிரண்டுதான் போவாங்க. தரையில களிமண்ணால ஒரு பிரம்மாண்டமான மனுஷன் மல்லாந்து படுத்திருப்பான். வர்ணம் அடிச்சு, மீசை வச்சு, கண்ணை உருட்டி முழிச்சுக்கிட்டு இருப்பான். அவன்தான் துரியோதனன். தூங்காத கண்ணோட பீமன் வேஷமும் துரியோதனன் வேஷமும் அந்த மண் உடம்பைச் சுத்திச் சுத்தி ஓடி, கதையைச் சுழற்றிச் சண்டை போடுவாங்க. கடைசியில பீமன் அந்த மண் தொடையில ஓங்கி அடிப்பான். அடிச்ச இடம் சிவக்கும். திரௌபதி வந்து, சபதத்துக்காக அவிழ்த்துப் போட்டிருந்த கூந்தலை முடிஞ்சுக்குவா. ஊர் சந்தோஷப்பட வேண்டிய இடம்தானே? கெட்டவன் ஒழிஞ்சான், தர்மம் ஜெயிச்சது!

ஆனா அங்க ஒப்பாரி கிளம்புது. துரியோதனன் பெண்டாட்டிக்கு கூத்துல பெருந்திருவாள்னு பேரு. அந்த வேஷம் கட்டின ஆண் மார்ல அடிச்சுக்கிட்டு அழறார். சுத்தி நின்ன பொம்பளைங்க ஒவ்வொருத்தரா சேர்ந்துக்கறாங்க. அஞ்சாவதோ ஆறாவதோ ஒரு குரல் எனக்குப் பக்கத்துல இருந்து வந்தது. திரும்பிப் பார்த்தா அத்தை.

ரெண்டு வருஷமா வராத அழுகை, திரௌபதி சேலையை உருவச் சொன்ன ஒருத்தனோட சாவுக்கு வருது!

இப்ப காஷ்மீருக்குப் போகலாம். போற வழியில பரத முனிவரைப் பார்த்துட்டுப் போயிடலாம். சுமார் ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின நாட்டிய சாஸ்திரம் அவர் பேர்லதான் இருக்கு. மேடை எப்படிக் கட்டணும்ங்கிறதுல ஆரம்பிச்சு புருவத்தை எப்படித் தூக்கணும்ங்கிறது வரைக்கும் எல்லாத்துக்கும் ரூல் வச்சிருக்கிற புஸ்தகம். அதோட ஆறாவது அத்தியாயத்துல வர்ற விஷயம்தான் ரசம். நம்ம சாப்பாட்டு ரசம் இல்லை. ஆனா பரதரே சமையலைத்தான் உதாரணமா சொல்றார். பல பொருளைச் சேர்த்துச் சமைக்கும்போது தனித்தனியா எதுலயும் இல்லாத ஒரு ருசி வருது இல்லையா, அது மாதிரி காரணம், முகபாவம், உள்ளே வந்து போற சின்னச் சின்ன உணர்ச்சி எல்லாம் மேடையில ஒண்ணா சேரும்போது பார்க்கிறவனுக்கு ஒரு சுவை பிறக்குது. களியைத் தனியா தின்னு பாருங்க, கீரைக் குழம்பைத் தனியா குடிச்சுப் பாருங்க. ரெண்டும் சேர்ந்தாதானே விஷயம்? பரதர் கணக்குல சுவை எட்டு. ஒன்பதாவதா சாந்தம் பின்னாடி வந்து சேர்ந்தது.

தமிழ்லயும் எட்டுதான். தொல்காப்பியம் பொருளதிகாரத்துல மெய்ப்பாட்டியல்னு ஒரு இயலே இருக்கு. ப்ளஸ் டூவுல மனப்பாடம் பண்ணி மறந்திருப்பீங்க. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. எனக்கு 'மெய்ப்பாடு'ங்கிற அந்த வார்த்தையே ரொம்பப் பிடிக்கும். மெய்யில, அதாவது உடம்புல, வெளியே தெரியறது. மனசுக்குள்ள என்ன ஓடுதுன்னு தத்துவம் பேசறதுக்கு முன்னாடி, கண்ணுல தண்ணி வந்துச்சா, மயிர்க்கூச்செறிஞ்சுதான்னு பார்க்கிற வார்த்தை அது. ஒவ்வொண்ணுக்கும் நாலு காரணம் சொல்றார். அழுகைக்கு அவர் சொல்ற நாலு: அவமானப்படறது, இழக்கறது, இருந்த நிலையில இருந்து சரியறது, வறுமை. இந்த லிஸ்ட்டை வச்சுக்கிட்டு படுகளத்துல கிடக்கிறவனைப் பாருங்க. தொண்ணூத்தொன்பது தம்பிகளையும் இழந்தாச்சு. சக்கரவர்த்தியா இருந்தவன் புழுதியில கிடக்கிறான். இடுப்புக்குக் கீழே அடிக்கக்கூடாதுங்கிற ரூலை மீறி அடிபட்ட அவமானம் வேற. கையில காலணா நாடு இல்லை. நாலுக்கு நாலு, சென்டம்! அவன் நல்லவனா கெட்டவனான்னு தொல்காப்பியர் ஒரு கண்டிஷன் போடவே இல்லை.

பரதருக்குத்தான் இங்க ஒரு சிக்கல். அவர் ரூல்படி யுத்தம், நாடு போறது, சாவு, கோட்டை முற்றுகை இதையெல்லாம் மேடையில நேரடியா காட்டக்கூடாது. நடந்ததா யாராவது வந்து சொல்லணும். கதாநாயகன் சாகவே கூடாதுன்னு பின்னால வந்தவங்க இன்னும் இறுக்கிட்டாங்க. சம்ஸ்கிருத நாடகங்கள் பெரும்பாலும் சுபம் போட்டு முடியறதுக்கு இது ஒரு காரணம்.

அந்த ரூலை உடைச்ச ஒரு நாடகம் இருக்கு. உடைச்சவன் யாருக்காக உடைச்சான் தெரியுமா? இதே துரியோதனனுக்காக.

ஊருபங்கம். தொடை முறிவுன்னு அர்த்தம். பாஸன் எழுதினதா சொல்லப்படற நாடகம். பாஸன் காளிதாசனுக்கும் சீனியர், காளிதாசனே தன் நாடகத்துல அவர் பேரைச் சொல்றார். ஆனா அவர் நாடகங்கள் ஒண்ணுகூட கைக்குக் கிடைக்காம பேர் மட்டும்தான் ரொம்ப காலம் இருந்தது. 1909 வாக்குல கணபதி சாஸ்திரி பத்மநாபபுரம் பக்கத்துல ஒரு மடத்துல மலையாள எழுத்துல இருந்த ஓலைச்சுவடிக் கட்டைப் பார்க்கிறார். உள்ளே நாடகங்கள்! 1912ல இருந்து திருவனந்தபுரத்துல பதிப்பிச்சார். மொத்தம் பதிமூணு. எல்லாம் பாஸன் எழுதினதுதானான்னு இன்னிக்கும் அறிஞர்கள் அடிச்சுக்கறாங்க, அது தனிக் கதை. அந்த பத்மநாபபுரம் இப்ப நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துலதான் இருக்கு. டூர்ல அரண்மனை பார்த்துட்டு செல்ஃபி எடுத்துட்டு வந்திருப்பீங்களே, அதே ஊர்தான்.

ஊருபங்கத்துல சண்டையை மூணு வீரர்கள் வந்து வர்ணிக்கிறாங்க. அது வரைக்கும் பரதர் ஹேப்பி. அப்புறம் துரியோதனன் தரையில ஊர்ந்துக்கிட்டே மேடைக்கு வர்றான். பீமன் செஞ்ச ஏமாத்து வேலைக்குப் பழிவாங்கறேன்னு குதிக்கிற பலராமனை அவனே சமாதானப்படுத்தறான். கண் தெரியாத அப்பா வர்றார், கண்ணைக் கட்டிக்கிட்ட அம்மா வர்றாங்க. கூடவே துர்ஜயன்னு ஒரு சின்னப் பையன், அவன் மகன். அந்தப் பையன் வழக்கம்போல அப்பா மடியில ஏறி உட்காரப் போறான். தொடையே இல்லாத அப்பா, வேண்டாம்னு தடுக்க வேண்டியிருக்கு. இந்த ஒரு இடத்துக்கு மட்டுமே பாஸனுக்குக் கோயில் கட்டலாம்னு நான் சொல்வேன். பாண்டவர்களை மதிச்சு நடந்துக்கோன்னு மகனுக்கே சொல்லிட்டு, துரியோதனன் மேடையிலேயே உயிரை விடறான்.

ரூல் போச்சா? அங்கதான் சுவாரஸ்யம். பரதர் சொல்ற பத்து வகை நாடகங்கள்ல உத்ஸ்ருஷ்டிகாங்கம்னு வாயில நுழையாத ஒண்ணு இருக்கு. சண்டை ஓய்ஞ்சப்புறம் நடக்கிறது, சோகம்தான் மெயின், பெண்களோட புலம்பல் நிறைய வரும். ஊருபங்கம் அந்த வகைதான்னு வாதாடறவங்க உண்டு. எனக்கு அந்த இலக்கணத்தைப் படிச்சதும் ஊருபங்கம் ஞாபகம் வரலை. எங்க அத்தை ஊர் வயல்தான் ஞாபகம் வந்தது.

பார்டருக்கு அந்தப் பக்கமும் இதே கதைதான். ரன்னன்ங்கிற பழைய கன்னடக் கவி கதாயுத்தம்னு ஒரு காவியம் எழுதினார். ஹீரோ பீமன், ஏன்னா தன்னோட சாளுக்கிய ராஜாவை பீமனா வச்சுப் பாடணும். ஆனா படிச்சவங்க மனசுல நிக்கிறது துரியோதனன். 1926ல பி.எம். ஸ்ரீகண்டய்யா அதை நாடகமா ஆக்கினார். அவர் கிரேக்க சோக நாடகங்களைக் கன்னடத்துக்குக் கொண்டுவந்தவர், அதனால ரன்னன்கிட்ட இருந்த சோகம் அவர் கண்ணுக்குச் சட்டுன்னு பட்டிருக்கும். ஓசூர்ல நின்னா ஒரு பக்கம் ரன்னன், இன்னொரு பக்கம் படுகளம். நடுவுல நாம மொபைல்ல ரீசார்ஜ் பண்ணிக்கிட்டு இருக்கோம்.

ரூலை மீறினா இப்படி. ரூலை அப்படியே ஃபாலோ பண்ணினா? அதுக்கும் ஒரு கேஸ் இருக்கு. பட்ட நாராயணன் எழுதின வேணீசம்ஹாரம். திரௌபதி கூந்தல் முடியற கதையேதான். அதுல ரெண்டாவது அங்கத்துல, யுத்தம் உச்சத்துல இருக்கும்போது, துரியோதனனுக்கும் மனைவி பானுமதிக்கும் ஒரு ரொமான்ஸ் சீன்! நாடகத்துல இன்னின்ன உறுப்பு வரணும்னு பரதர் சொல்லிட்டார், அதுக்காகச் சொருகினது. ஒன்பதாம் நூற்றாண்டுல ஆனந்தவர்த்தனர் த்வன்யாலோகத்துல இதைப் பிடிச்சு ஒரு குட்டு வச்சார். சாஸ்திரத்துல இருக்குங்கிறதுக்காக மட்டும் எதையும் வைக்காதே, அந்த இடத்துல சுவைக்கு அது உதவுதான்னு பாருங்கிறதுதான் அவர் சொன்னதோட சாரம். க்ளைமாக்ஸுக்கு முன்னாடி சுவிட்சர்லாந்துல டூயட் வைக்கிற டைரக்டர்களுக்கு யாராவது இதை எடுத்துச் சொல்லியிருக்கலாம்.

சரி, அந்த நாலு பண்டிதர்கள். லொல்லடர் சொன்னார்: சுவைங்கிறது மூலப் பாத்திரத்தோட உணர்ச்சி முத்திப் போனதுதான், நடிகன் மேலயும் அது தெரியும். சங்குகர் ஒத்துக்கலை. ஓவியத்துல குதிரையைப் பார்த்து 'குதிரை'ன்னு சொல்றோம் இல்லையா, அது நிஜக் குதிரைன்னும் நினைக்கலை, பொய்னும் நினைக்கலை. நடிகனைப் பார்த்து நாம உணர்ச்சியை ஊகிக்கிறதும் அப்படித்தான்னார். பட்டநாயகர் வந்தார். ரெண்டு பேரும் மேடையையே பார்க்கறீங்க, பார்க்கிறவனை விட்டுட்டீங்களேன்னார். துரியோதனனோட சோகம் துரியோதனனுக்கு. அது உன் சோகம்னா நீ எழுந்து ஓடிடுவே. அவனோடது மட்டும்னா உனக்கென்ன வந்தது? ரெண்டும் இல்லாம, யாரோட பேரும் ஒட்டாத பொதுச் சோகமா அதை மாத்தறதுதான் கலையோட வேலைன்னார். கி.பி. 1000ஐ ஒட்டி வாழ்ந்த அபிநவகுப்தர் அந்தப் 'பொது'வை அப்படியே எடுத்துக்கிட்டு, அது வெளியே இருந்து வர்றதில்லை, எல்லா மனுஷனுக்குள்ளயும் ஏற்கெனவே ஊறிக் கிடக்கிறதுதான் எழும்புதுன்னு முடிச்சார். முன்னவங்க மூணு பேரும் என்ன சொன்னாங்கன்னே நமக்குப் பெரும்பாலும் இவர் உரையில இருந்துதான் தெரியும். அந்த உரையோட சுவடிகளும் கேரளத்துலதான் கிடைச்சது. முதல் பாகம் பரோடாவுல 1926ல அச்சாச்சு. காஷ்மீர்ல எழுதினதைக் காப்பாத்தி வச்சது தெற்கு!

அபிநவகுப்தர் ஒரு பட்டியல் போடறார். சுவைக்கு வர்ற தடைகள். அதுல ஒண்ணு, பார்க்கிறவன் தன்னோட சொந்த சுகதுக்கத்துல மூழ்கிக் கிடக்கிறது. அப்படிப்பட்டவனுக்கு ரசம் கிடையாது.

இதைப் படிச்சப்ப எனக்குக் கோபம்தான் வந்தது. அப்ப எங்க அத்தை அழுதது கணக்குல வராதா? மகனைப் பறிகொடுத்தவ படுகளத்துல அழறது ரசனை இல்லை, வெறும் சொந்தத் துக்கம்னு ஓரமா ஒதுக்கிடுவாரா இந்த மனுஷன்? தியேட்டர்ல ஏசியில உட்கார்ந்து பட்டும்படாம அழற நாமதான் ரசிகர்களா?

ரொம்ப நாள் கழிச்சு, புத்தகத்தை மூடிட்டு, அத்தைகிட்டயே கேட்டுட்டேன். தைரியம் வந்ததே பெரிய விஷயம். "அத்தை, அன்னிக்குப் படுகளத்துல நம்ம அண்ணனை நினைச்சுத்தானே அழுதீங்க?"

முறத்துல கேழ்வரகு புடைச்சுக்கிட்டு இருந்தவங்க கையை நிறுத்தலை. "இல்லடா கண்ணு. அவனை நெனச்சா எனக்கு அழுகை வராது. நெஞ்சு அடைச்சுக்கும், அவ்ளோதான். அன்னிக்கு அந்தக் காந்தாரியை நெனச்சேன். நூறு பேரைப் பெத்துட்டு ஒருத்தன் மூஞ்சியக்கூடப் பாக்காத பொம்பள. அப்புறம் பெருந்திருவாளுக்கு அழுதேன். அப்புறம் யாருக்கு அழுதேன்னு எனக்கே தெரியல."

நான் ஒண்ணும் பேசலை. 'யாருக்குன்னு தெரியல'ங்கிறதைச் சொல்றதுக்குத்தான் காஷ்மீர்ல அத்தனை பக்கம் எழுதினாங்கன்னு அவங்ககிட்ட எப்படிச் சொல்றது? சொந்தத் துக்கம் தடைன்னு அபிநவகுப்தர் சொன்னது சரிதான் போல. ரெண்டு வருஷமா நெஞ்சை அடைச்சுக்கிட்டு இருந்தது அந்தத் தடைதான். ஆனா தடை இருக்கிறவளுக்குச் சுவை இல்லைன்னு அவர் கதவைச் சாத்தினது எனக்கு இன்னும் ஜீரணமாகலை. விடிய விடிய நடந்த கூத்தும் நாலு பேர் சேர்ந்து வச்ச ஒப்பாரியும் அந்தத் தடையையே உடைச்சதைக் கண்ணால பார்த்தேனே! இதுக்கு பட்டநாயகர் பக்கம் பதில் இருக்கா, இல்லை தொல்காப்பியரோட 'மெய்'யில இருக்கான்னு தமிழ், சம்ஸ்கிருதம், ஆங்கிலம் மேஜர் எடுத்திருக்கிற யாராவது ஒரு எம்.ஃபில். ரேஞ்சுக்கு யோசிங்கப்பா.

போய்ப் பார்க்கணும்னு தோணுதா? பங்குனி பிறந்ததுல இருந்து கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் பக்கம் பஸ்ல போகும்போது சுவர் போஸ்டர்களைக் கவனிங்க. 'மகாபாரதப் பெருவிழா'ன்னு இருக்கும், எந்த ராத்திரி எந்தக் கூத்துன்னும் போட்டிருக்கும். முந்தின ராத்திரியே போயிடுங்க. விடிய விடிய பார்க்காம நேரா படுகளத்துக்குப் போனா, க்ளைமாக்ஸுக்கு மட்டும் டிக்கெட் வாங்கின மாதிரி.

அன்னிக்கு நடந்ததுல ஒண்ணு பாக்கி. எல்லாம் முடிஞ்சு ஜனங்க மண் உடம்புல இருந்து ஆளுக்கொரு கைப்பிடி மண்ணை எடுத்துக்கிட்டாங்க. வீட்டுக்கும் காட்டுக்கும் நல்லதுன்னு நம்பிக்கை. அத்தையும் முந்தானையில முடிஞ்சுக்கிட்டாங்க. ரோட்டோரத் டீக்கடைக்கு வந்தா, பெஞ்சுல துரியோதனன் உட்கார்ந்திருக்கார். கிரீடம் பக்கத்துல இருக்கு, அரிதாரம் வேர்வையில பாதி வழிஞ்சிருக்கு. தலையைச் சுவத்துல சாய்ச்சுக் கண்ணை மூடியிருந்தார். மிஞ்சிப் போனா இருபத்தஞ்சு வயசு.

அத்தை கடைக்காரரைப் பார்த்து, "அந்தத் தம்பிக்கு ஒரு டீயும் ரெண்டு வடையும் குடுங்க, காசு நான் தர்றேன்"னாங்க. அப்புறம் அந்தப் பையன் பக்கத்துல போய் தோளைத் தொட்டு எழுப்பினாங்க.

"எந்திரி சாமி. ராத்திரியெல்லாம் ஆடினியே, சாப்பிட்டுப் படு."